ஊரில் வந்துபோன காய்ச்சலை ரத்தம் சொல்லுமா?

சென்ற இதழில் மலேரியா பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, காய்ச்சலே இல்லாதவர்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்களை, அதாவது ஆன்டிபாடிகளை, அளந்தும் ஒரு வட்டாரத்தில் அந்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்று கணக்கிடலாம் எனப் போகிற போக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், குளச்சல்: எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சலோடு வருபவர்களுக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். மலேரியா அநேகமாக இல்லை என்கிறார்கள். அது போதாதா? நன்றாக இருப்பவரின் விரலை எதற்குக் குத்த வேண்டும்?

காய்ச்சல் கண்ட அனைவரும் சுகாதார நிலையத்துக்கு வந்து, வந்த அனைவருக்கும் அன்றைக்கே ரத்தம் எடுக்கப்பட்டு, எடுத்த தகடுகளையெல்லாம் தேர்ந்த கண்கள் பார்த்திருந்தால் போதும். நடப்பு அப்படி இல்லை என்பது தங்களுக்கும் தெரியும். முதல் நாள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறோம், மூன்றாம் நாள் தனியார் மருத்துவரிடம் போகிறோம், அதற்கும் அடங்காவிட்டால்தான் அரசு ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. இது ஒருபுறம் இருக்க, ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் ரத்தத் தடவலுக்கே ஓர் எல்லை உண்டு. நுண்ணோக்கியின் கீழ் அன்றாட வேலையில் கண்ணுக்குத் தட்டுப்பட வேண்டுமானால், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் 50 முதல் 100 வரையாவது இருக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் குறைவாக வைத்திருப்பவர் காய்ச்சல் இல்லாமலே நடமாடக்கூடும். அவரைக் கடிக்கும் அனாஃபிலிஸ் என்ற மலேரியாக் கொசுவுக்குச் சில வேளை அந்தச் சிறிதளவே போதுமானதாகிவிடுகிறது.

முறையாக மருந்து கொடுத்தால் ஒட்டுண்ணி சில நாட்களில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆனால் அதைக் கண்டு உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் அவ்வளவு சீக்கிரம் மறைவதில்லை. தொற்று ஏற்பட்ட ஓரிரு வாரத்தில் அவை தோன்றத் தொடங்குகின்றன. தனியொரு எதிர்ப்பொருள் மூலக்கூற்றின் ஆயுள் சில வாரங்களே என்றாலும், அவற்றைச் சுரக்கும் அணுக்களில் ஒரு பகுதி எலும்பு மச்சைக்குள் குடியேறி நெடுங்காலம் சுரந்துகொண்டே இருப்பதால், மாதக்கணக்கிலும் சில வகைகள் ஆண்டுக்கணக்கிலும் ரத்தத்தில் அளக்கக் கிடைக்கின்றன. எனவே ரத்தத் தடவல் இன்று இருப்பதை மட்டும் காட்டும்; எதிர்ப்பொருள் முன்பு வந்துபோனதையும் காட்டும். கோவிட் காலத்தில் ‘செரோ சர்வே’ என்று நாம் செய்தித்தாள்களில் படித்ததும் இதே வகைதான். 2020 அக்டோபர், நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் நடந்த முதல் சுற்றில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருப்பது தெரிந்தது. அதுவரை சோதனையில் உறுதிப்பட்டவர்களின் எண்ணிக்கையோ அதற்குக் கிட்டவே வரவில்லை.

மலேரியாவில் இது ஒன்றும் புதிய யோசனை அல்ல. நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியை லாவெரான் அல்ஜீரியாவில் கண்டது 1880இல். கொசுவின் வயிற்றுச் சுவரில் அதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல். இவற்றுக்கெல்லாம் வெகு முன்னர், 1840களிலேயே, டெம்ப்ஸ்டர் என்ற மருத்துவர் வடநாட்டில் யமுனைக் கால்வாய்ப் பாசன ஊர்களுக்குப் போய், மக்களின் இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று எண்ணினார். பின்னாளில் 2 முதல் 9 வயது வரை உள்ள குழந்தைகளில் பாதிப்பேருக்கு மேல் மண்ணீரல் வீங்கியிருந்தால் அது மலேரியா மிகக் கடுமையாக உள்ள வட்டாரம் என்று வகுத்தார்கள். நோய் மலிந்த ஊருக்கு அந்த முறை போதுமானதாக இருந்தது. எப்போதாவது ஒரு முறை காய்ச்சல் வந்துபோகும் ஊரில் எந்தக் குழந்தைக்கும் மண்ணீரல் வீங்கியிருக்காது. அங்கேதான் எதிர்ப்பொருள் கைகொடுக்கிறது.

பதிவேடு சுத்தமாக இருக்கும் ஆண்டுகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அதற்குக் காரணம் உண்டு. நாடு விடுதலை பெற்றபோது ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா கண்டதாக மதிப்பிட்டார்கள். 1953இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பயனாக 1965இல் அது சுமார் ஒரு லட்சமாக இறங்கியது. கவனம் தளர்ந்தது, பூச்சிமருந்துக்குக் கொசு பழகியது, 1976இல் 64 லட்சம் பேருக்கு நோய் பதிவாயிற்று. குமரிக்கு அக்கரையில் உள்ள இலங்கையிலோ 1963இல் ஆண்டு முழுவதற்கும் 17 பேருக்குத்தான் மலேரியா. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அங்கே லட்சக்கணக்கானோர் நடுங்கிக்கொண்டு படுத்தார்கள். தேடுவதை நிறுத்திய இடத்திலும் பதிவேடு வெறுமையாகத்தான் இருக்கும். நோய் இல்லாததால் வெறுமையா, தேடாததால் வெறுமையா என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்: ஒருவருக்கு எதிர்ப்பொருள் எந்த ஆண்டில் வந்தது என்று தெரியாது. அப்படியிருக்க, அதை வைத்து ஒரு வட்டாரத்தின் மலேரியா வரலாற்றை எப்படிச் சொல்கிறார்கள்?

வந்த கேள்விகளிலேயே சிறந்தது இதுதான். ஆண்டு தெரியாதுதான், ஆனால் ரத்தம் கொடுத்தவரின் வயது தெரியும். முறை முழுவதும் அந்த வயதின் மேல்தான் நிற்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு எதிர்ப்பொருள் இருந்தால், தொற்று கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான் நேர்ந்திருக்க வேண்டும். அறுபது வயதுப் பெரியவருக்கு அதே எதிர்ப்பொருள் இருந்தால், அது எப்போது வந்தது என்று அவருக்கே நினைவிருக்காது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் இதுவரை தொற்றாதவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தொற்று ஏற்படுகிறது என்றும், வந்த எதிர்ப்பொருள் போவதில்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரிடமும், இருபது வயதினரில் 64 பேரிடமும், நாற்பது வயதினரில் 87 பேரிடமும் எதிர்ப்பொருள் இருக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவருக்கு மட்டும் தொற்றும் ஊரிலோ பத்து வயதில் 10 பேர், நாற்பது வயதில் 33 பேர். வயதைக் கிடைக்கோட்டிலும் எதிர்ப்பொருள் உள்ளவர்களின் விழுக்காட்டை நிலைக்கோட்டிலும் வைத்து வரைந்தால், முதல் ஊரின் வளைவு செங்குத்தாக ஏறும், இரண்டாம் ஊரின் வளைவு மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தின் வேகத்தையே தொற்று விகிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பொருள் காலப்போக்கில் தேய்ந்து மறைவதையும் உண்மையான கணக்கில் தனி விகிதமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

இனி, முதல் ஊரில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு மலேரியா அடியோடு நின்றுவிட்டது என்று கொள்ளுங்கள். பதினைந்து வயதுக்குக் கீழே உள்ள யாரிடமும் எதிர்ப்பொருள் இருக்காது. பதினைந்தைத் தாண்டியதும் கோடு மேலே ஏறத் தொடங்கும். நோய் எந்த ஆண்டில் நின்றது என்று அந்தத் திருப்பமே சொல்லிவிடும், யாரும் அதைக் குறித்து வைத்திருக்காவிட்டாலும். ஒரேயொரு முறை நடத்திய ஆய்விலிருந்து பல பத்தாண்டுகளின் போக்கைப் படிக்க முடிவது இதனால்தான். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் டிரேக்லியும் உடன் ஆய்வாளர்களும் தான்சானியாவின் வடகிழக்கே கிளிமஞ்சாரோ, உசம்பாரா மலைச்சரிவுகளில் வெவ்வேறு உயரங்களில் இருக்கும் ஊர்களை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைச் செய்தார்கள். மேலே போகப் போகக் குளிர் மிகுவதால் கொசுவுக்குள் ஒட்டுண்ணி வளர்வது குறைகிறது. எதிர்ப்பொருள் வளைவுகளும் அதற்கேற்ப ஊருக்கு ஊர் தாழ்ந்துகொண்டே போயின. அதற்கும் முன்பே, 1970களில், மொரீஷியஸிலும் கிரீஸிலும் மலேரியா உண்மையாகவே ஒழிந்துவிட்டதா என்பதற்குச் சான்று தேடிய புரூஸ்-ச்வாட் குழுவினர், ஒழிப்புக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளிடம் எதிர்ப்பொருள் இல்லை என்பதையும் மூத்தவர்களிடம் அது மிஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள்.

கைக்குழந்தைகளை மட்டும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கியிருக்கும். அது குழந்தைக்கு வந்த தொற்றைக் காட்டாது. அதனால் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களையே எடுத்துக்கொள்வது வழக்கம்.

கிராம சுகாதாரச் செவிலியர், தோவாளை: இப்படி ஓர் ஆய்வு வந்தால் ரத்தம் எடுக்கும் வேலை எங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழும். நரம்பில் ஊசி போட்டுக் குப்பியில் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை; தங்களுக்குப் பழக்கமான விரல் குத்தலே போதும். மூன்று நான்கு துளி ரத்தத்தைத் தடித்த வடிதாளில் வட்டமாக ஊறவிட்டு, நிழலில் நன்றாகக் காயவைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு தனித்தனிப் பையில் மூடிவிட வேண்டும். காயாத தாளை அவசரத்தில் பைக்குள் போட்டால் பூஞ்சை பிடித்து எல்லாம் வீணாகிவிடும். ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில் இதை எவ்வளவு சொன்னாலும் தகும். தாளில் எழுதும் எண்ணும் படிவத்தில் எழுதும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பிறந்த ஆண்டையும் இரண்டு முறை சரிபாருங்கள். மேலே சொன்னபடி எல்லாக் கணக்கும் வயதின் மேல் நிற்பதால், தோராயமாக எழுதிய வயது ஆய்வையே கோணலாக்கிவிடும்.

அந்தத் தாளிலிருந்து பொத்தானளவு ஒரு வட்டத்தை வெட்டி, நீர்மத்தில் ஊறவைத்துச் சீரத்தை, அதாவது எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும் ரத்தத் தெளிநீரை, பிரித்துக்கொள்வார்கள். மலேரியா ஒட்டுண்ணியின் புரதம் ஒன்றை 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் முன்கூட்டியே பூசியிருப்பார்கள். சீரத்தில் அதற்குப் பொருந்தும் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவும்போது போய்விடும். பிறகு, மனித எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் இன்னொரு எதிர்ப்பொருளை நொதியோடு சேர்த்து விட்டு, நிறம் மாறும் நீர்மத்தைச் சேர்த்தால், எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். 1971இல் அறிமுகமான எலைசா முறை இதுதான். இப்போது ஒரே துளியில் பல புரதங்களுக்கான விடைகளைச் சேர்த்துத் தரும் நுண்மணி முறைகளும் வந்துவிட்டன.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். தங்கள் பையில் உள்ள மலேரியா ‘கார்டு டெஸ்ட்’ வேறு, இது வேறு. கார்டு ஒட்டுண்ணியின் புரதத்தைத் தேடுகிறது, அதாவது நோயை. இந்த ஆய்வு தேடுவது உடலின் விடையை. வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிட்டே ரத்தம் எடுங்கள். பிறகு வந்து ‘எங்கள் பிள்ளையின் ரிசல்ட் எங்கே’ என்று கேட்கும்போது சங்கடமாக இருக்காது.

மீனவர், முட்டம்: நான்கு ஆண்டுகளுக்கு முன் மங்களூருவில் தங்கல் தொழிலுக்குப் போனபோது எனக்கு மலேரியா வந்தது. அங்கேயே மருந்து சாப்பிட்டுத் தேறினேன். இப்போது இந்தச் சோதனை செய்தால் என் ரத்தம் அதைக் காட்டுமா? காட்டினால் எனக்கு இன்னும் நோய் இருப்பதாக அர்த்தமா?

காட்டக்கூடும். காட்டினாலும் நோய் இருப்பதாக அர்த்தமில்லை. நான்காண்டுக்கு முன் வந்ததா, நான்கு மாதத்துக்கு முன் வந்ததா என்பதையும் ஒருவரின் ஒரே விடையிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். தனிமனிதருக்கு மருத்துவ முடிவு சொல்லும் கருவி அல்ல இது, ஊருக்குச் சொல்வது. தங்களுக்குக் காய்ச்சல் கண்டால் பழைய கதையைச் சொல்லி ரத்தத் தடவல் எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து வந்து ஓராண்டு ஆகிவிட்டாலும் ‘மங்களூரு போயிருந்தேன்’ என்று மருத்துவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

ஏன் ஓராண்டு என்றால், நம் நாட்டில் மலேரியாவை உண்டாக்கும் இரு முக்கிய ஒட்டுண்ணிகளில் ஒன்றான வைவாக்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து மறுபடியும் காய்ச்சலைத் தரும். உறங்கும் அந்த நிலையை ரத்தத் தடவலும் காட்டாது, கார்டும் காட்டாது. குளோரோகுயின் மூன்று நாளில் காய்ச்சலை அடக்கிவிடும். கல்லீரலில் இருப்பதை ஒழிக்க 14 நாள் பிரைமாகுயின் தேவை. காய்ச்சல் நின்றதும் அந்த மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் ஏராளம், படகு புறப்படுகிறது என்றால் கேட்கவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக்குறை உள்ளவர்களுக்கு அம்மருந்து ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால், அதை மருத்துவர் சொல்லாமல் தாமாக வாங்கிச் சாப்பிடவும் கூடாது.

தனிமனிதருக்குச் சொல்வதல்ல என்று மேலே எழுதியதற்கு இந்த இடத்தில்தான் ஒரு விலக்கு முளைத்துக்கொண்டிருக்கிறது. எல்லா எதிர்ப்பொருளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. சில புரதங்களுக்கு எதிரானவை சீக்கிரம் இறங்கிவிடும், சில நெடுநாள் நிற்கும். தாய்லாந்து, பிரேசில், சாலமன் தீவுகள் ஆகிய இடங்களில் எடுத்த ரத்தத்தைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டுப் புரதங்களுக்கான விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், கடந்த 9 மாதங்களுக்குள் வைவாக்ஸ் தொற்று ஏற்பட்டவர்களை ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக அடையாளம் காணலாம் என்று காட்டியது. 9 மாதத்துக்குள் தொற்றியவர் கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியைச் சுமந்திருக்க வாய்ப்பு மிகுதி. அவரைத் தேடிப்பிடித்து பிரைமாகுயின் கொடுத்தால் அடுத்த காய்ச்சலையும், அவரிடமிருந்து கொசு எடுத்துப்போகும் அடுத்த தொற்றையும் தடுக்கலாம் என்பது எண்ணம். நூற்றில் இருபது தவறுகிற சோதனையை வைத்து 14 நாள் மாத்திரை கொடுக்கலாமா என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை; ஜி6பிடி சோதனை கூடவே இருந்தால் கொடுக்கலாம் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது.

கணித ஆசிரியர், தக்கலை: சோதனை நூற்றுக்கு நூறு துல்லியமாக இருக்காதே. மலேரியாவே இல்லாத ஊரிலும் சிலருக்கு ‘உண்டு’ என்று வந்துவிடுமே?

கட்டாயம் வரும். தொற்றே ஏற்படாத நூறு பேரில் 98 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்கிற சோதனை நல்ல சோதனைதான். ஆயிரம் குழந்தைகளில் உண்மையில் தொற்று ஏற்பட்டவர்கள் 5 பேர் என்றால், அந்தச் சோதனை மீதி 995 பேரில் ஏறத்தாழ 20 பேரையும் தவறாகச் சேர்த்துக்கொண்டு 25 பேரைக் காட்டும். அதைக் கண்டு அதிகாரிகள் பதறினால் தவறு, ‘எல்லாம் பிழை’ என்று மூடி வைத்தாலும் தவறு. நோய் குறையக் குறைய இந்தச் சிக்கல் பெரிதாகும் என்பதால், மலேரியா ஒழியும் தறுவாயில் இருக்கிற இடங்களில் ஆய்வாளர்கள் மிகுதியாக மல்லாடுவது இதனோடுதான்.

எங்கே கோடு கிழிப்பது என்பதை முதலில் சரிசெய்ய வேண்டும். மலேரியா நாடுகளுக்கே போகாதவர்களின் ரத்தத்தை அதே தட்டில் வைத்து, அவர்களின் சராசரிக்கு மேலே மூன்று திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) தாண்டியதையே ‘உண்டு’ எனக் கொள்வது ஒரு வழி. ஒரு புரதத்தோடு நிற்காமல் இரண்டு மூன்று புரதங்களுக்கும் விடை கேட்பது இன்னொரு வழி. எல்லாவற்றிலும் தற்செயலாகத் தவறுவது அபூர்வம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. தவறான விடைகள் மழைத்துளி போல எங்கும் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு வயதும் தெரியாது, தெருவும் தெரியாது. மெய்யான தொற்றோ கூட்டமாக வரும்: ஒரே வீட்டில் இருவர், ஒரே கிணற்றைச் சுற்றி நான்கு வீடு, வயது கூடக் கூடச் சற்று அதிகம். அந்த 25 பேரின் வீடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தங்களுக்குப் பிடிக்கும் ஒரு சின்னக் கணக்கு: 300 குழந்தைகளைச் சோதித்து ஒருவரிடம்கூட எதிர்ப்பொருள் இல்லையென்றால், அந்த வட்டாரக் குழந்தைகளில் அது உள்ளவர்கள் 1 விழுக்காட்டுக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். மூன்றை எண்ணிக்கையால் வகுப்பதுதான் சூத்திரம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கலாம்.

ஒப்பந்ததாரர், குலசேகரம்: வெளிமாநிலத் தொழிலாளர்களால்தான் மலேரியா வருகிறது என்கிறார்கள். வேலைக்கு எடுக்கும்போதே அவர்களுக்கு இந்த எதிர்ப்பொருள் சோதனையைச் செய்துவிட்டால் என்ன?

செய்யக் கூடாது. ஒடிசாவின் தென்மாவட்டங்களிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வரும் முப்பது வயதுத் தொழிலாளியிடம் எதிர்ப்பொருள் இருப்பதில் வியப்பில்லை. சிறுவயதில் வந்த காய்ச்சலின் தடமாக அது இருக்கலாம். அதைக் காட்டி அவருக்கு வேலை மறுத்தால், நோய் இல்லாதவரை நோயாளியாக்குவதாகும். நேற்றுத் தொற்றிய ஒருவரிடம் எதிர்ப்பொருள் இன்னும் தோன்றியிருக்காது. அவர் உள்ளே வந்துவிடுவார். தங்களுக்குப் பயன்படுவது வேறு: காய்ச்சல் என்றால் கூலி பிடிக்காமல் அன்றே ரத்தம் எடுக்க அனுப்புவது, அவர்கள் தங்கும் கொட்டகைக்குக் கொசுவலை தருவது, கட்டடத்தில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை வடிப்பது. மங்களூரு, கோவா, குஜராத் கரைகளுக்குப் போய்வரும் நம் மீனவர்களும் மற்ற ஊர்க்காரர்களுக்கு வெளிமாநிலத்தார்தானே.

மூதாட்டி ஒருவருக்காகப் பேத்தி எழுதியது, திருவட்டாறு: ஒருமுறை மலம்பனி (மலேரியா) வந்துவிட்டால் மறுபடி வராது என்று பாட்டி சொல்கிறார். எதிர்ப்பொருள் காப்பாற்றும் என்பது உண்மையா?

மேற்குத் தாலுகாக்களில் காய்ச்சலைப் ‘பனி’ என்று சொல்லும் அழகான வழக்கத்தை நினைவூட்டியதற்கு நன்றி. எதிர்ப்பொருள் காக்கும் என்பது உண்மை: 1961இல் காம்பியாவில் கோஹன், மெக்ரெகர் குழுவினர், பலமுறை மலேரியா கண்டு தேறிய பெரியவர்களின் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து நோயுற்ற குழந்தைகளுக்குச் செலுத்தியபோது, அவர்களின் ரத்தத்தில் ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அந்தக் காப்பு பல ஆண்டுகள், பலமுறை கடிபட்டு வருவது. ஒரு காய்ச்சலால் வருவதல்ல. பாட்டிக்கு மறுபடியும் வரலாம். ஆய்வில் அளக்கிற எதிர்ப்பொருளும் தொற்றின் அடையாளமே தவிர, காப்புக்கு உறுதிச்சீட்டு அல்ல.

ரத்த தானம் செய்பவர், நாகர்கோவில்: எதிர்ப்பொருள் உள்ளவர் ரத்தம் கொடுக்கலாமா?

நம் ரத்த வங்கிகளில் மலேரியாவுக்கான சோதனை கட்டாயம். நோய் வந்து முழுதும் தேறியவர் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மலேரியா நாடுகளுக்குப் போய்வந்த கொடையாளர்களை எதிர்ப்பொருள் சோதனையால் வடிகட்டுவது பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற இடங்களின் வழக்கம். நம்மிடம் அதைச் செய்தால் நலமாக இருக்கும் பலரைத் திருப்பி அனுப்ப நேரும்.

சமூக ஆர்வலர், கன்னியாகுமரி: நம் மாவட்டத்தில் இத்தகைய ஆய்வை நடத்துவதென்றால் எங்கே, யாரிடம் தொடங்குவீர்கள்?

அங்கன்வாடியிலும் தொடக்கப்பள்ளியிலும் தொடங்குவேன். மாவட்டத்தை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்காத, ஒன்று முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள். அவர்களிடம் எதிர்ப்பொருள் இருந்தால் இங்குள்ள கொசுதான் கொடுத்திருக்க வேண்டும். பெரியவர்களில் வெளியூர்க் கரைக்குப் போனவர் யார், போகாதவர் யார் என்று முதல் கேள்வியிலேயே பிரித்துவிடுவேன். இல்லாவிட்டால் மங்களூருவின் மலேரியாவை முட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

இடத்தைப் பொறுத்தவரை மூன்று வகை நிலத்தைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் நெருங்கிய கடற்கரை ஊர்களும் நாகர்கோவில் நகரமும் ஒன்று. தமிழ்நாட்டு நகரங்களில் மலேரியா பரப்பும் ஸ்டீஃபென்சி கொசு மூடாத தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடும். பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு, கீரிப்பாறைப் பக்கத்து மலையடிவார ஊர்களும் ரப்பர் தோட்டங்களும் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளும் இன்னொன்று. மெல்ல ஓடும் ஓடைநீரை விரும்பும் ஃப்ளூவியாடிலிஸ் என்ற மற்றொரு மலேரியாக் கொசுவுக்கு அத்தகைய நிலம் பிடிக்கும். ரப்பர் பால் சிரட்டையில் தேங்கும் நீரில் வளர்வது பெரும்பாலும் டெங்கு பரப்பும் இனம் என்பதால், அதை இந்தக் கணக்கில் குழப்ப வேண்டியதில்லை. கால்வாய்ப் பாசன வயல்வெளி ஊர்கள் மூன்றாவது. காணிக் குடியிருப்புகளில் ஊர்ப்பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, என்ன தெரியவந்தது என்பதைத் திரும்பிப் போய்ச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஒரு துளி ரத்தம் எடுக்க வேண்டும். எடுத்தவர்கள் திரும்பி வருவதே இல்லை என்ற குறை மலையில் மட்டுமல்ல, கரையிலும் உண்டு.

காலம் தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். மழைக்காலத்தில் தொற்று நேர்ந்திருந்தால் எதிர்ப்பொருள் ஏறியிருக்கும். பள்ளியும் நடக்கும், வடிதாளும் காயும்.

நாட்டில் 2015இல் 11 லட்சத்து 69 ஆயிரமாக இருந்த மலேரியா 2023இல் 2 லட்சத்து 27 ஆயிரமாகக் குறைந்திருக்கிறது. 2027க்குள் உள்ளூர்ப் பரவலே இல்லாத நிலையை அடைவது அரசின் இலக்கு. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாத இலங்கை, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. அதற்குத் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லை என்று காட்ட வேண்டும். நம் மாவட்டம் அந்த நிலையில் இருக்கிறதா என்று தாங்கள் கேட்டால், கையில் உள்ள பதிவேட்டைத் திறப்பதோடு, அந்த மூன்று ஆண்டுகளில் பிறந்து இப்போது அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வடிதாளையும் தட்டில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 300 பிள்ளைகள் போதும் என்று தக்கலை ஆசிரியருக்கு எழுதியது ஒரு வட்டாரத்துக்கு. மூன்று வகை நிலத்துக்கும் சேர்த்து 900.